ஒன்பதோடு நின்ற எண்ணிக்கை

மகள் ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய புது வீட்டுக்கு நாங்களும் போவதென்று முடிவானபிறகு பேஸ்மென்ற்றை ஒதுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஓடாத மணிக்கூடு, கைபிடி உடைந்த இடியப்ப உரல், வருடா வருடம் சேர்ந்த சாமிப்படக் காலண்டர்கள். சாமிப்படம் போட்ட எதையும் குப்பையில் போட எனக்கு மனம் வராது. மனிசி அதற்காக என்னை ஏசாத நாளில்லை. அந்தக் காலண்டர்களுக்கு அடியில் மகளின் பள்ளிக்கூடப் பெட்டி கிடந்தது. திறந்ததும் பழைய கடதாசி மணம், அதோடு உருகிப்போன கலர் மெழுகின் மணம். மெழுகு மணம் மூக்கில் ஏறினால் எனக்கு மாதா கோயில் ஞாபகம் வருவதில்லை. ரொறன்ரோவின் பாதர்ஸ்ட் வீதியில் ஒரு கட்டிடத்தின் ஆறாம் மாடி ஞாபகம்தான் வரும். ஏன் என்று சொல்கிறேன், பொறுங்கள்.

மேலே ஒரு ஒற்றைத்தாள் இருந்தது. பத்தாம் வகுப்பில் மகளுக்கு ஒரு புத்தகம் படிக்கக் கொடுத்திருந்தார்கள். நாசி முகாமிலிருந்து உயிர் தப்பிய ஒரு யூதர் தன் கதையைத் தானே எழுதியது. அதைத் தொடங்கமுதல் தெரிந்திருக்கவேண்டிய சொற்கள் என்று ரீச்சர் கொடுத்த தாள் அது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் கருத்து எழுதக் கோடு. அநேகமாக எல்லாம் அவர்களுடைய சமயச் சொற்கள். கோடுகளில் மகளின் குண்டெழுத்து. ஒரே ஒரு கோட்டில் மட்டும் வேறொரு கை, பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தது: 407. பக்கத்தில் ரீச்சரின் சிவப்புக் கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறிக்கு எனக்குப் பதில் தெரியும். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் அப்போது இருந்த மோர்னிங்சைட்டிலிருந்து இரண்டு பஸ், ஒரு ரயில் பிடித்துப் போய் அந்தக் கட்டிடத்தில் வேலை செய்தேன். கட்டிடத்தைப் பராமரிக்கும் சூப்பருக்கு உதவியாள். கொரிடோர் கூட்டுவது, தரை துடைப்பது, குப்பை அறையைச் சுத்தமாக வைப்பது, ஆள் மாறும் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பது. ஊரில் பத்தாம் வகுப்புச் சோதனையில் இரண்டுதரம் கோட்டைவிட்ட எனக்கு அது பெரிய உத்தியோகம். குடியிருந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் வயதுபோன யூதர்கள். முதல்நாள் காலை திருநீறு பூசிக்கொண்டு போன என்னை லிஃப்டில் கண்ட ஒரு கிழவி, "நெத்தியிலை சுண்ணாம்பு கொட்டுப்பட்டிட்டுது மோனை, துடை" என்று தன் கைலேஞ்சியை நீட்டினா. நானும் அவையளும் பேசியது உடைந்த ஆங்கிலம். அதை அப்படியே எழுதினால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதையில்லை என்பதால் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவர்களுடைய பழக்கங்கள் எனக்குப் பெரிய புதினமாகத் தெரியவில்லை. இறைச்சிக்கு ஒரு செட் கோப்பை, பாலுக்கு ஒரு செட் கோப்பை. எங்கள் வீட்டிலும் மச்சச் சட்டி வேறு, விரதச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அடுத்தநாள் பொழுது சாயும்வரை நெருப்பு, மின்சாரம் ஒன்றும் தொடமாட்டார்கள். லிஃப்ட் பொத்தானும் அமத்தமாட்டார்கள். எனக்கு அமத்து என்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாதாம். "இந்த லிஃப்ட் பாவம், சும்மா நிக்குது" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார்கள். நான் ஏதோ எனக்கே ஆறாம் மாடியில் அலுவல் இருப்பதுபோல ஆறை அமத்துவேன். "அட, எங்கடை மாடிக்கே வாறீர்?" என்று அதிசயப்படுவார்கள். கடவுளை இப்படி அன்பாக ஏமாற்றுகிறவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆறாம் மாடியில் இருந்தவர் மிஸ்டர் லெயிப். தையல் தொழிற்சாலையில் துணி வெட்டி ஓய்வு பெற்றவர். கீழ்மாடியில் அவர்கள் கும்பிடும் ஒரு சின்ன அறை இருந்தது. அதைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவரிடம். இடது கையில், முழங்கைக்குக் கீழே, நாசி முகாமில் பச்சை குத்திய நீல எண்கள். கோடையிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். என்னைச் சூப்பர் என்றுதான் கூப்பிடுவார். நான் சூப்பர் இல்லை என்று சொன்னால், "அந்தக் கள்ளன் சூப்பரெண்டால் நீர் ராசா" என்பார்.

மகளின் தாளை நான் அவரிடம்தான் கொண்டுபோனேன். எங்கள் சமயத்தில் ஒரு சந்தேகமென்றால் ஐயரிடம் கேட்பதில்லையா, அப்படித்தான் நினைத்தேன். சொற்கள் எப்படிப்பட்டவருடைய மடியில் போய் விழுகின்றன என்று நினைக்கத் தோன்றவில்லை.

தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உம்மடை மேளுக்கு எங்கடை கடவுளிலை சோதினையோ? எனக்கே அதிலை பாஸ் இல்லை."

என்றாலும் சொல்லித் தந்தார். நான் தமிழில் குறித்துக்கொண்டு போவேன், மகள் ஆங்கிலத்தில் மாற்றி எழுதுவாள். கடிஷ் என்ற சொல் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்தவைக்காகச் சொல்லுறது. ஆனால் அதிலை சாவெண்ட சொல்லே கிடையாது. முழுக்க அவரைப் புகழுறதுதான்." கையை மேலே காட்டினார். "தனியச் சொல்லேலாது. பத்து ஆம்பிளையள் வேணும். எங்கடை ஆக்கள் பத்துப்பேர். ஒன்பது பேரும் ஒரு தீர்க்கதரிசியும் வந்தாலும் சரி, ஒன்பது பேரும் ஒரு கள்ளனும் வந்தாலும் சரி, பத்தெண்டால் பத்து."

அந்தப் பத்துப்பேர் கூட்டத்துக்குப் பெயர் மின்யன். அதுவும் தாளில் இருந்தது. அந்தச் சொல்லால் ஒருநாள் எனக்கு ஏச்சும் விழுந்தது. கும்பிடும் அறைக்குக் கதிரை கொண்டுபோனபோது நான் விரலை நீட்டி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று ஆட்களை எண்ணினேன். கிழவர்கள் எல்லாம் ஒரேயடியாகக் கத்தினார்கள். லெயிப் என் விரலைப் பிடித்து மடக்கினார்.

"ஆக்களை எண்ணக்கூடாது. முகாமிலை காலமையும் பின்னேரமும் எங்களை நிறுத்தி எண்ணினவங்கள். அவ்வளவு எண்ணினது காணும்."

"அப்ப பத்துப்பேர் வந்திட்டினமெண்டு எப்பிடித் தெரியும்?"

அவர் ஒவ்வொருவர் மார்புக்கும் நேரே கையை நீட்டிக் காட்டினார். "ஒண்டில்லை. ரெண்டில்லை. மூண்டில்லை." இல்லை இல்லை என்று சொல்லித்தான் எண்ணுவார்களாம். நாவூறு படாமல் பிள்ளைக்குக் கறுத்தப்பொட்டு வைக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு அது விளங்காதா என்ன?

தாளின் கடைசிச் சொற்களில் ஒன்று காப்போ. அதைக் கண்டதும் லெயிப் தாளை நாலாக மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்தார். "இது சமயச் சொல்லில்லை. இதை விடும்."

விட்டிருக்கலாம்.

மாசி மாதம். லெயிப்பின் தம்பி முகாமில் செத்த திதி. யார்ட்ஸைட் என்பார்கள். கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுவர்த்தி, பொழுது சாயக் கொளுத்தினால் அடுத்தநாள் பொழுது சாயும்வரை எரியும். அதற்குள் பத்துப்பேரோடு நின்று கடிஷ் சொல்லவேண்டும். அந்தத் தம்பிக்குத் திதி செய்ய உலகத்தில் லெயிப்பைத் தவிர ஆளில்லை. முதல்நாள் இரவு பேய்ப் பனி. இரவும் ஆள் சேரவில்லை, காலையும் சேரவில்லை. வழமையாகப் பத்தாவதாக வருகிறவர் எதிர்க்கட்டிடத்துக்காரர். ஐஸில் வழுக்குமென்று மகன் வெளியே விடவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு ஒன்பது பேர் கீழே காத்திருந்தார்கள். யன்னலில் வெயில் சிவந்துகொண்டு வந்தது. லெயிப் கதவைப் பார்ப்பார், யன்னலைப் பார்ப்பார். நான் வாசலில் உப்புத் தூவிக்கொண்டிருந்தேன்.

"சூப்பர், ரோட்டிலை ஆரும் தொப்பிக்காரர் வருகினமோ?"

"ஒருத்தரும் இல்லை, மிஸ்டர் லெயிப்."

"இன்னும் ஒரு அரை மணித்தியாலம்தான் கிடக்கு."

அந்த முகத்தைப் பார்க்க ஏலாமல்தான் நான் யோசித்தேன். நாலாம் மாடியில் 407இல் ஒரு கிழவர் தனியே இருந்தார். ஒருவரோடும் பேச்சில்லை. தபால் பெட்டியில் பெயரைச் சுரண்டியிருந்தார்கள். அவர் லிஃப்டுக்குள் வந்தால் மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். வயதுபோனதுகளின் கோபதாபம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் யூதர் என்பது எனக்கு நிச்சயம். கதவு நிலைகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவன் நான். எல்லா வீட்டு நிலையிலும் வெளிப்பக்கம் மெசுசா என்ற சின்னக் குழல் அடித்திருக்கும், உள்ளே மந்திரம் எழுதிய தோல். (ஒருதரம் அதற்கும் சேர்த்துப் பெயின்ற் அடித்து ஒரு கிழவியிடம் வாங்கிக் கட்டினேன்.) 407இன் நிலையில் குழல் இல்லை, இரண்டு ஆணி ஓட்டை மட்டும். குழாய் திருத்தப் போனபோது கண்டேன், அவர் அதைக் கதவுக்கு உட்பக்கம் அடித்து வைத்திருந்தார்.

ஒன்பதும் ஒரு கள்ளனும் வந்தாலும் பத்தெண்டால் பத்து என்று லெயிப்பே சொன்னவர்தானே. முருகன்தான் எனக்கு மூளையைத் தந்தான் என்று நினைத்துக்கொண்டு நான் மேலே ஓடினேன்.

"கீழை வாருங்கோ, ஒரு ஆள் குறையுது. மிஸ்டர் லெயிப்பின்ரை தம்பியின்ரை திதி."

கிழவர் கதவுச் சங்கிலியைக் கழற்றினார். "அவர் கூப்பிட்டவரோ?"

நான் ஓம் என்றேன். பொய். நல்ல காரியத்துக்குத்தானே என்று சொன்ன பொய்.

அந்த மனிசன் அலுமாரியைத் திறந்து தொப்பி எடுத்துத் தூசு தட்டி, கண்ணாடிக்கு முன்னால் நின்று கழுத்தில் ரை கட்டினார். முடிச்சை இரண்டுதரம் அவிழ்த்துக் கட்டினார். வெயில் போகுது, வாருங்கோ என்று அவசரப்படுத்தியவன் நான்.

அறைக்குள் அவர் காலடி வைத்ததும் பேச்சு நின்றது. லெயிப் எழும்பினார். கையை நீட்டி எண்ணத் தொடங்கினார். ஒன்றில்லை. இரண்டில்லை. ஒவ்வொரு மார்புக்கும் நேராக. தன் மார்பைத் தொட்டு ஒன்பதில்லை என்றார். பிறகு கை 407இன் பக்கம் திரும்பியது. அந்தக் கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். நீட்டியிருந்த கையை லெயிப் மெல்லக் கீழே போட்டார். அவ்வளவுதான்.

நானோ விளங்காமல், "பத்துப்பேர் இருக்கினமே" என்றேன்.

"ஒன்பது பேர்" என்றார் லெயிப்.

407 கோட்டைக் கழற்றினார், சட்டைக் கையைச் சுருட்டினார். அவருக்கும் முழங்கைக்குக் கீழே நீல எண்கள். தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். லெயிப் ஒரு வசனத்தில் பதில் சொன்னார். ஒருவர் காறித் துப்பினார். யன்னலோரம் இருந்த கிழவர் என்னைப் பார்த்து, "குப்பை எடுக்கிறது உம்மடை வேலைதானே? கொண்டு வந்தமாதிரி வெளியாலை கொண்டு போம்" என்றார்.

வெயில் போயிற்று. கடிஷ் சொல்லப்படவில்லை. தம்பிக்காக லெயிப் நாளெல்லாம் ஏங்கிய அந்தப் பத்தாவது ஆள் அவருக்கு முன்னால் நின்றார். அவரை எண்ணுவதைவிடத் தம்பியைப் பட்டினி போடுவது மேல் என்று லெயிப் நினைத்தார்.

லிஃப்டில் 407ஓடு நான்தான் ஏறினேன். அவர் பொத்தான் அமத்தவில்லை. நான் நாலை அமத்தினேன்.

"நான் என்ன சொன்னனான் தெரியுமே? 'அங்கை எண்ணேக்கை என்னையும் சேர்த்துத்தான் எண்ணினவங்கள்' எண்டனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"'அங்கை எண்ணினவன் நீ' எண்டவர்."

நாலாம் மாடி வந்தது. இறங்கமுதல் கேட்டார்: "அவர் என்னைக் கூப்பிடேல்லை, என்ன?" நான் நிலத்தைப் பார்த்தேன். "எனக்கப்ப பத்தொன்பது வயது" என்று சொல்லிவிட்டுப் போனார். கையில் ரை இருந்தது. எப்போது கழற்றினார் என்று நான் காணவில்லை.

அடுத்தநாள் லெயிப் என்னை ஆறாம் மாடிக்குக் கூப்பிட்டார். அறையில் மெழுகு மணம், குவளை அணைந்து கறுத்திருந்தது. தாளைக் கேட்டு வாங்கினார். காப்போ என்ற சொல்லுக்கு நேரே 407 என்று எழுதினார்.

"கைதியளுக்கு மேலை வைச்ச கைதி. கையிலை ஒரு பொல்லு, கோப்பையிலை கூட ஒரு அகப்பை சூப். என்ரை தம்பி வரிசையிலை நிமிந்து நிக்கேல்லையெண்டு அடிச்சவன். மூண்டாம் நாள் தம்பி செத்துப்போனான். ரீச்சருக்குக் கருத்துத் தெரியவேணுமெண்டால் நாலாம் மாடிக்கு வந்து பாக்கட்டும்."

அன்று பின்னேரம் மனிசியிடம் எல்லாம் சொன்னேன். "என்ன பக்தி இதுகளுக்கு? கல்லு நெஞ்சு. ஐம்பது வருசமாச்சு, ஒரு கிழவனை மன்னிக்கேலாதே?" என்று பெரிய ஞானிபோலப் பேசினேன்.

மனிசி அரிசி கழுவிக்கொண்டிருந்தா. "எங்கடை தம்பிக்கும் ஊர்ச்சனம் இதைத்தானே செய்யுது" என்றா.

"அவன்ரை கதையை இதுக்கை கொண்டு வராதை" என்று பாய்ந்தேன்.

அவவின் ஒரே தம்பி யோகன். ஊரில் ஒருநாள் ஆமி எல்லோரையும் கோயில் வீதியில் இருத்தி, சாக்கால் முகம் மூடிய ஒருவனை ஜீப்பில் கொண்டுவந்தது. எங்களில் யார் யாரை நோக்கி அவன் தலையை ஆட்டினானோ அவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். தலையாட்டி என்போம். நாலு பேர் போனார்கள், மூன்று பேர் திரும்பினார்கள். சாக்குக்கு வெளியே தெரிந்த காலில் சின்னவிரல் மடிந்திருந்ததென்று யாரோ சொன்னார்கள். யோகனுக்கும் சின்னவிரல் மடிந்துதான் இருக்கும். அதற்கு முதல் ஒரு கிழமை அவனை ஆமி பிடித்து வைத்திருந்ததும் உண்மை. அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் ரொறன்ரோவுக்கு வந்தபிறகும் அந்த விரல் அவனோடு வந்தது.

அடுத்த மாரியில் மாமி, மனிசியின் தாய், எங்களோடு இருந்தபடியே காலமானா. தாய்க்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் யோகன்தான், அவனை விட்டால் மகனில்லை. இங்கே கொள்ளி என்றாலும் ஒரு பொத்தான்தான். ஊர்ச்சங்கத்து ஆட்கள் செத்தவீட்டு மண்டபத்து வாசலில் என்னைத் தனியே கூப்பிட்டார்கள். "அண்ணை, அவன் உள்ளை வந்தால் நாங்கள் வெளியிலை. பேந்து உங்கடை நன்மை தின்மைக்கு ஒருத்தரும் வராயினம். யோசியுங்கோ."

நான் யோசிக்கவில்லை. அதுதான் உண்மை.

யோகன் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஆரோ ஒருவனின் பெரிய கோட்டு, கையில் ஒரு கடைப் பை, அதற்குள் மடித்த வேட்டி. நான் கதவை மறித்து நின்றேன். அவனுக்கு உடனே விளங்கியது.

"அத்தான், பொத்தானை நீங்களே அமத்துங்கோ. நான் பின்னுக்கு நிண்டு கும்பிடுறன்."

"பின்னுக்கும் வேண்டாம்."

"முகத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போறன், அத்தான்."

கையைச் சற்று நீட்டினேன், தோளைத் தொடத்தான் என்று நினைக்கிறேன். பிறகு அதைக் கீழே போட்டேன்.

பொத்தானை நான்தான் அமத்தினேன். சனம் என் முதுகில் தட்டியது. அதற்கு முதல் மண்டபத்திலிருந்து பெட்டி வண்டி வெளிக்கிட்டபோது எதிர்ப்பக்கப் பஸ் தரிப்பில் அவன் அந்தப் பையோடு நின்றதைக் கண்டேன். மனிசி குனிந்து அழுதுகொண்டிருந்தா, காணவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டா: "தம்பி வந்தவனே?"

"இல்லை" என்றேன்.

அதற்குப்பிறகு அவ அவனோடு பேசவில்லை. "பெத்ததாயின்ரை செத்தவீட்டுக்கு வராதவன் எனக்கென்ன தம்பி?" என்றா. போன் வந்தால் வைத்துவிடுவா. நான் பக்கத்தில் இருந்து ரீவி பார்ப்பேன்.

லெயிப்பைக் கல்நெஞ்சுக்காரர் என்றேன். அவர் தன் தம்பிக்காகச் செய்தார். என் வீட்டில் ஒருவரையும் ஒருவரும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. நான் சனத்துக்காகச் செய்தேன்.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். கட்டிடம் நிற்கிறது. கும்பிட்ட அறைக்குள் இப்போது உடற்பயிற்சி யந்திரங்கள். ஒரு பெட்டை காதில் எதையோ மாட்டிக்கொண்டு நின்ற இடத்தில் ஓடுகிறாள். லெயிப் இல்லை, அந்த ஒன்பது பேரில் ஒருவரும் இல்லை. 407 அந்தத் திதி வந்த வருடமே வைகாசியில் செத்தார். அவரை அடக்கம் செய்ய எத்தனைபேர் போனார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் போகவில்லை. கதவு நிலைகளெல்லாம் இப்போது இரும்பு. ஆணி ஓட்டை ஒன்றும் இல்லை. எங்களை வெருட்டிய ஊர்ச்சங்கமும் இரண்டாக உடைந்து, பிறகு இல்லாமலே போயிற்று. எந்தச் சனத்துக்குப் பயந்தேனோ அந்தச் சனத்தில் பாதிப்பேரின் பெயர்கூட இப்போது ஞாபகமில்லை. யோகன் மொன்றியலுக்குப் போனான் என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முதல் அவன் நம்பரை ஒருநாள் அடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லை என்று ஒரு பெண்குரல் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னது.

பேஸ்மென்ற் படியில் இருந்து மனிசி கூப்பிட்டா. "இஞ்சாருங்கோ, என்ன பேப்பர் உது? தேவையில்லாட்டி எறியுங்கோ."

"பிள்ளையின்ரை பள்ளிக்கூடப் பேப்பர்" என்றேன்.

தாளின் அடியில் ரீச்சர் இன்னுமொரு கேள்வி போட்டிருந்தா: இந்தச் சொற்களில் ஏதாவது ஒன்றுக்குக் கிட்டவான சொல் உங்கள் வீட்டு மொழியில் இருக்கிறதா? இருந்தால் எழுதி விளக்குக. மகள் அன்று பேனையும் கையுமாக வந்து, 407 எழுதிய கோட்டில் விரலை வைத்து என்னைக் கேட்டது நன்றாக ஞாபகம். நான் சாமிக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே, "அப்பிடி ஒண்டும் எங்கடை பாஷையிலை இல்லை, பிள்ளை" என்றேன்.

அவள் 'இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். ரீச்சர் அதற்குச் சரி போட்டு, முழுப்புள்ளியும் கொடுத்திருக்கிறா.